அந்தப் பொண்ணு கை வெச்சாலே படுத்துடுதே!

"அந்தப் பொண்ணு கை வெச்சாலே கம்ப்யூட்டர் படுத்துடுது ஸார்! என்ன ராசியோ!"

சொன்னவர் மேனேஜர். இடம், திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற வழியில் ஒரு நூல் மில். (பெயர் வேண்டாமே! மாசக் கடைசியில் மூன்று நாள் அங்கே கணக்குப் பார்க்கப் போகிறேன். எழுத்தை மட்டும் நம்பினால் எங்கள் ஊர் பிரியாணியை வாசனை மட்டும்தான் பிடிக்கலாம்.)

அந்தப் பெண் சேர்ந்து நாலு மாசம். இன்னும் ப்ரொபேஷன். பாதி சம்பளப் பட்டியல் போட்டிருப்பாள், 'டப்'பென்று திரை இருண்டுவிடும். மறுபடி முதலிலிருந்து! ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப் பெயர் 'ஷட்டவுன்'. யாரோ ஒரு புண்ணியவான் சி.பி.யூ. மேல் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார். பழம் வாடியதுதான் மிச்சம்.

"மாசம் முடிஞ்சதும் அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. தினம் இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்.

என் மச்சினன் கோயமுத்தூரில் ஒரு கம்பெனியின் ஆயிரத்துச் சொச்சம் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவன். லீவில் வந்திருந்தான். கையோடு இழுத்துக்கொண்டு போனேன்.

"மாமா, ஆளைக் கேக்காதீங்க. மெஷினைக் கேளுங்க. அது டைரி எழுதுது" என்றான்.

நிஜம்தான். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. எப்போது விழித்தது, எப்போது தூங்கியது, எப்போது மயங்கி விழுந்தது, எல்லாம் நிமிஷ சுத்தமாகப் பதிவாகியிருக்கும். நீலத் திரை காட்டிச் சாகிற கம்ப்யூட்டர், போகிற போக்கில் 'மினிடம்ப்' என்று ஒரு சின்ன ஃபைலையும் விட்டுப் போகும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மாதிரி! எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்பதற்கு அதில் துப்பு கிடைக்கும். (பஸ் டிரைவர் இல்லை. பிரிண்டர், நெட்வொர்க் இவற்றை ஓட்டுகிற சாஃப்ட்வேருக்கும் அதே பெயர்.)

"ஒரு மெஷின் விழுந்தா ரிப்பேர். பத்து விழுந்தா, பத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு பாக்கணும் மாமா. அதான் எங்க வேலையே" என்றான்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நம்ம நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்க கம்பெனி, தன் காவல் சாஃப்ட்வேருக்கு ஒரு குட்டி அப்டேட் அனுப்பியது. 78 நிமிஷத்தில் வாபஸ் வாங்கியும் விட்டது. அதற்குள் உலகம் பூரா சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலம் பாரித்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் ஊர் ஏர்போர்ட்டுகளில் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

காரணம் என்ன தெரியுமா? 20 விவரம் மட்டும் வந்த இடத்தில் புரோகிராம் 21-வது விவரத்தைத் தேடியது. என் பாஷையில், 20 வவுச்சர் உள்ள ஃபைலில் 21-வதைக் கேட்டு ஆடிட்டர் மயங்கி விழுந்த கதை! விழுந்தவற்றில் பொதுவாக இருந்தது அந்த ஒரு ஃபைல்தான் என்று கண்டுபிடித்த பிறகே வழி பிறந்தது. ஆனாலும், எழுந்திருக்கவே முடியாத கம்ப்யூட்டருக்குத் தூரத்திலிருந்து எப்படி மருந்து கொடுப்பது? பெரும்பாலான இடங்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் ஆள் போய் உட்கார்ந்து, அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

எங்கள் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். பூட்டு என்றால் திருடனைத்தான் வெளியே நிறுத்த வேண்டும். அன்றைக்கு அந்தப் பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிட்டது!

2002-ல் மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் எழுதிய கடிதத்தில் ஒரு சங்கதி உண்டு. வந்து குவிந்த கிராஷ் ரிப்போர்ட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில், 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம் சுமார் 20 சதவீதப் பிழைகள்தானாம். வெறும் ஒரு சதவீதப் பிழைகள் பாதிக் கோளாறுகளைச் செய்தனவாம். அட, பி.காம்.மில் சரக்கு இருப்புக்கு நாங்கள் படித்த 'ஏபிசி அனாலிஸிஸ்'! எண்ணிக்கையில் கொஞ்சம், கணக்கில் ஜாஸ்தி. முதலில் அதைப் பிடி!

மில்லுக்கு வருவோம். அங்கே மொத்தம் 42 கம்ப்யூட்டர். எல்லா டைரிகளையும் மச்சினன் ஒரே இடத்துக்கு வரவழைத்தான். நான் என் பங்குக்கு லெட்ஜர் மாதிரி கோடு போட்டுத் தேதி, நேரம், மேஜை என்று எழுதினேன்.

எழுத எழுத எனக்கே புல்லரித்தது.

விழுந்தது ஒன்று இல்லை, மூன்று! அந்தப் பெண்ணுடையதும் பக்கத்து இரண்டு மேஜைகளும் ஒரே நிமிஷத்தில் விழுந்திருந்தன. அந்த மேஜைக்காரர்கள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள், புகார் எழுதுவதில்லை. நேரம் 2.04, 2.07, 2.05... இரண்டு மணி ஷிஃப்ட் மாறி, நிறுத்தியிருந்த மோட்டார்களை ஒரே மூச்சில் போடுகிற நேரம்! ஒவ்வொன்றிலும் 'ஈவென்ட் 41', அதாவது முறைப்படி அணையாமல் போனது என்ற குறிப்பு. பிழை எண் இருக்க வேண்டிய இடத்தில் சைபர். மினிடம்ப்பும் கிடையாது.

"சாஃப்ட்வேர் செத்திருந்தா பெரும்பாலும் நம்பர் இருக்கும் மாமா. இது கரண்ட் சமாச்சாரம்" என்றான். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தோம். மூன்றுக்கும் ஒரே யு.பி.எஸ்., பேட்டரி உப்பிப் போய்க் கிடந்தது. வோல்டேஜ் இறங்கும்போது ஒரு விநாடிகூடத் தாங்காத நிலை.

கடைசியாக ஒரு வரியை மேனேஜருக்குக் காட்டினேன். அந்தப் பெண் அம்மை போட்டு லீவில் இருந்த வாரத்திலும் அவள் கம்ப்யூட்டர் மூன்று தடவை படுத்திருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்திருக்கணும்..." என்றார் மெதுவாக. மறுநாளே புது பேட்டரி வந்தது. மாசம் முடிந்தது. அவள் போகவில்லை.

ஒருவர் மேல் பழி போட ஒரு நிமிஷம் போதும். பதிவேட்டைப் புரட்ட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்குச் சோம்பல்பட்டுத்தான் எத்தனை பேர் வயிற்றில் அடித்திருக்கிறோமோ!

"அப்ப இந்த எலுமிச்சம்பழத்தை என்ன ஸார் பண்றது?" என்றார் மேனேஜர்.

"அந்தப் பொண்ணுக்கு நல்லதா ஒண்ணு வாங்கி ஜூஸ் போட்டுக் குடுங்க ஸார். நாலு மாசச் சூடு தணியட்டும்!"