பாலங்களின் கதை – 7: காற்றுக்குப் பயந்து கட்டியது

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு. ஸ்காட்லாந்தில் டே ஆற்றின் கழிமுகத்தில் புயல் வீசிக்கொண்டிருந்தது. டண்டி நகரை நோக்கி வந்த ரயில் ஒன்று பாலத்தின் மேல் ஏறியது. மறுகரைக்கு வந்து சேரவில்லை. பாலத்தின் நடுப்பகுதி ரயிலோடு சேர்ந்து நீருக்குள் போய்விட்டது. ரயிலில் இருந்த சுமார் 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாலம் திறந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.

அதைக் கட்டிய தாமஸ் பவுச்சுக்கு அந்த ஆண்டுதான் சர் பட்டம் கிடைத்திருந்தது. பாலத்தின் மேல் பயணம் செய்துவிட்டு விக்டோரியா மகாராணி கொடுத்தது. விசாரணையில் எல்லாம் வெளியே வந்தது. வார்ப்பிரும்புத் தூண்களில் ஓட்டைகள். பராமரிப்பு மோசம். எல்லாவற்றையும்விட, பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கென்று பவுச் தனியாகக் கணக்கே போடவில்லை. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். நீரில் மூழ்கிய ரயில் என்ஜினுக்கு மட்டும் ஆயுள் கெட்டி. வெளியே எடுத்துப் பழுதுபார்த்து 1919 வரை ஓட்டினார்கள். ரயில்வேக்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘முக்குளிப்பான்’.

தெற்கே, எடின்பரோவுக்குப் பக்கத்தில், ஃபோர்த் கழிமுகத்துக்கும் ஒரு தொங்குபாலம் வரைந்து வைத்திருந்தவர் இதே பவுச்தான். வேலையும் தொடங்கியாகிவிட்டது. டே பாலம் விழுந்ததும் அந்த வரைபடத்தை யாரும் தொடத் தயாரில்லை. ஜான் ஃபவுலர், பெஞ்சமின் பேக்கர் என்ற இரு பொறியாளர்களிடம் பொறுப்பு வந்தது. கூடவே அரசின் நிபந்தனையும் வந்தது: சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தத்தைப் பாலம் தாங்க வேண்டும். பவுச்சின் ஃபோர்த் வடிவமைப்புக்கு 10 பவுண்டு போதும் என்று ஆலோசனை தரப்பட்டிருந்தது.

பேக்கர் கழிமுகத்தின் நடுவில் உள்ள இன்ச்கார்வி தீவில் பலகைகளை நிறுத்திக் காற்றை அளந்து பார்த்தார். பெரிய பலகை 300 சதுர அடி, மற்றவை சின்னவை. சின்னப் பலகைகளில் பதிவான அளவுக்குச் சராசரி அழுத்தம் பெரிய பலகையில் இல்லை. ஒரு சூறை அகலமான பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. அப்படியானால் 56 பவுண்டு தேவைக்கு மிஞ்சிய கணக்குதான். ஆனாலும் பாலம் அதே கணக்கில்தான் எழுந்தது. அன்றைக்கு மக்களுக்கு வேண்டியது சிக்கனம் இல்லை, நம்பிக்கை.

இந்தப் பாலத்தின் அழகு அங்கேதான் பிறக்கிறது என்பேன். மூன்று பெரிய கோபுரங்கள். ஒவ்வொன்றின் கால்களும் அடியில் சுமார் 37 மீட்டர் அகட்டி நின்று, மேலே போகப்போக 10 மீட்டராக ஒடுங்குகின்றன. கபடிக் களத்தில் பிடிக்கக் காத்திருப்பவன் காலை அகட்டி நிற்பானே, அந்த நிலை. கோபுரத்தின் இரு பக்கமும் 207 மீட்டருக்குக் கைகள் நீள்கின்றன. எதிரெதிரே நீண்டு வரும் இரண்டு கைகளின் நுனியில் 107 மீட்டர் நீள உத்திரம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் 521 மீட்டர் இடைவெளி, இடையில் தூணே கிடையாது. இப்படிக் கை நீட்டி நிற்கும் அமைப்புக்குப் பெயர் கேன்டிலீவர். ஹவுரா பாலமும் இதே வகைதான். ஆனால் 53 ஆண்டு இளையது.

இது எப்படி நிற்கிறது என்று ஜனங்களுக்குப் புரியவைக்க, 1887-ல் ஒரு சொற்பொழிவில் பேக்கர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். நாற்காலிகளில் இருவர் கைகளை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கையிலிருந்து நாற்காலியின் அடிக்குச் சாய்வாக ஒரு கழி. வெளிப்பக்கக் கைகள் செங்கல் அடுக்குகளோடு கட்டப்பட்டிருக்கின்றன. உள்பக்கக் கைகளில் தொங்கும் பலகையில் மூன்றாவது ஆள். அவர் எடையில் கைகள் இழுபடுகின்றன, கழிகள் அழுந்துகின்றன. பாலத்திலும் மேலே செல்லும் பின்னல் சட்டங்கள் கைகள். கீழே வளைந்து செல்லும் 12 அடி விட்டமுள்ள எஃகுக் குழாய்கள் கழிகள். சமன்பாடு ஒன்றுகூட இல்லாமல் கட்டமைப்பியல் சொல்லித்தர இதைவிடச் சிறந்த படத்தை நான் பார்த்ததில்லை. நடுவில் உட்கார்ந்திருப்பவர் கயிச்சி வதனபே, கிளாஸ்கோவில் படித்த ஜப்பானியப் பொறியாளர். மரத்தால் ஆன கேன்டிலீவர் பாலங்கள் ஆசியாவின் மலைநாடுகளில் காலங்காலமாக இருந்தவை. அவரை நடுவில் உட்கார வைத்தது அந்தக் கடனை ஒப்புக்கொள்ளத்தான் என்பார்கள்.

1890 மார்ச் 4 அன்று வேல்ஸ் இளவரசர் கடைசித் தறையாணியை அடித்துத் திறந்துவைத்தார். ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல் எஃகு, சுமார் 65 லட்சம் தறையாணிகள். இத்தனை இரும்பா, அசிங்கம் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். பெயின்ட் அடித்து முடிக்கவே முடியாத பாலம் என்று நூறாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அதுவும் 2011-ல் முடிந்துவிட்டது; புதுப் பூச்சு 25 ஆண்டு தாங்குமாம்.

இதைக் கட்டும்போது இறந்தவர்கள் 57 பேர் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பதிவுகளைக் கிளறி 73 பேர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். விழுபவர்களைத் தூக்க ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழே துடுப்புப் படகுகள் காத்திருந்தன. அவை காப்பாற்றிய உயிர்கள் எட்டு. காற்றில் பறந்து விழுந்த தொப்பிகளும் துணிமணிகளும் எட்டாயிரத்துக்கு மேல்.

27 ஆண்டுகள் கேன்டிலீவர் பாலங்களில் இதற்கு இணை கிடையாது. இதைவிட 28 மீட்டர் கூடுதலாக நீட்டிக் காட்டுகிறோம் என்று கனடாவின் கியூபெக்கில் புறப்பட்டவர்கள் எஃகின் எடையைக் கணக்குப் போடுவதில் கோட்டைவிட்டார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே 1907-ல் அந்தப் பாலம் 75 தொழிலாளர்களோடு சரிந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.