உங்களுக்குத் தெரியுமா? தயாரித்தவர் வீட்டிலேயே இல்லாத காபி மெஷின்

தடவைக்கு ஒரு கப் காபி மட்டும் போடும் அமெரிக்காவின் ‘கியூரிக்’ மெஷினை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜான் சில்வன். 1997-இல் தன் பங்கை 50,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். மறு வருடமே மெஷின் விற்பனைக்கு வந்தது. (நேரம் பார்த்துத்தான் விற்றிருக்கிறார்!)

இந்த மெஷினில் வைக்கும் பிளாஸ்டிக் கேப்ஸ்யூலுக்குள் காகித வடிகட்டி, அதில் காபித் தூள். மூடியை அழுத்தினால் மேலே ஓர் ஊசி, கீழே ஓர் ஊசி குத்தும். மேல் துளையில் வெந்நீர் பாய, கீழ்த் துளையில் காபி இறங்கும். கேப்ஸ்யூல் அத்தோடு குப்பைக்கு.

தன் வீட்டில் அந்த மெஷினே இல்லை என்று 2015-இல் சொன்னார் சில்வன். செலவு ஜாஸ்தியாம், சாதாரணமாகக் காபி வடிப்பதும் பெரிய வேலையில்லையாம். மறு வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம், குப்பையைக் குறைக்க, அரசுப் பணத்தில் காபி கேப்ஸ்யூல் வாங்கக் கூடாதென்று தடை போட்டது.