நாவற்குடாவிலிருந்து வந்த ஆமைக் குஞ்சு



பள்ளிக்கூட லீவுக்கு நாவற்குடாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன நம்ம லயத்துப் பிள்ளை ஒன்று, வாவிப் பக்கத்து வாய்க்காலில் பிடித்த இரண்டு ஆமைக் குஞ்சுகளை ஜாம் போத்தலில் கொண்டுவந்தது. சோறும் பாணும் போட்டது. நாலாம் நாள் ஒன்று செத்துப்போச்சு. "ஐயா, நான் நல்லாத்தானே பார்த்தேன்?" என்று அழுதது. அதற்குத்தான் இந்தப் பதில்.

பிள்ளை பாசமாகத்தான் பார்த்தது. ஆனால் ஆமைக்கு நம்மைப்போல உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. மட்டக்களப்பு வெயிலில் பிறந்தது, நம்ம மலைக் குளிரில் மரத்துப் போகும். தின்றாலும் செரிக்காது. சோறு, பாண், பால் அதற்குச் சாப்பாடும் அல்ல. குளத்து ஆமைகள் நத்தை, சின்ன மீன், புழு, நீர்ப்பாசி தின்பவை. சுண்ணாம்புச் சத்தும் நேர் வெயிலும் இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். கண்ணாடிக்குள் வரும் வெயில் போதாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆமையின் உடம்பிலும் தண்ணீரிலும் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். ஆமை பார்வைக்கு நோயில்லாமல்தான் இருக்கும். கைக்குழந்தைக்குத் தொற்றினால் கடும் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். கடிக்கும் ஆமைகள் இருக்கிற அமெரிக்காவிலேயே, 4 அங்குலத்துக்குச் சின்ன ஆமைகளை விற்க 1975இல் தடை போட்டது இதனால்தான். ஒரே காம்பராவில் சமைத்துப் படுக்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நம் நாட்டு ஆமைகளை அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றமும்கூட.

ஆமை ஏற்கனவே வீட்டில் இருந்தால் ஒளிக்க வேண்டாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை:

1. அகலமான பேசினில் ஓட்டின் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஏறி இருக்க ஒரு கல் வையுங்கள்.

2. காலை வெயிலில் வையுங்கள். பாதிப் பேசினில் நிழல் இருக்கட்டும். இரவில் குளிர்படாத இடத்தில் வையுங்கள்.

3. பச்சை மீனைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் தண்ணீருக்குள் போடுங்கள். மருந்தடித்த மலைப் புழு, நத்தை வேண்டாம். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சு தின்னாவிட்டால் பயப்படாதீர்கள். வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும்.

4. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பீலியிலோ குசினியிலோ பேசினைக் கழுவாதீர்கள். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தொடவே வேண்டாம்.

நம்ம ஆற்றிலும் விடாதீர்கள், அது அதன் ஊர் அல்ல.

தப்பிய குஞ்சை உத்தியோகத்தர்களிடம் கொடுத்தோம். அடுத்த லீவுக்கு நாவற்குடா போகும் பிள்ளைகள் கரையில் நின்று ஆசைதீரப் பார்க்கட்டும். போத்தலை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.