கப்பல் சுற்றுலா: யாருக்கு எது ஏற்றது?

கடைக்கு வந்து "அரிசி கொடுங்கள்" என்று கேட்பவரிடம் நாம் உடனே மூட்டையை எடுத்து நீட்டிவிடுவதில்லை. "சாப்பாட்டுக்கா, இட்லிக்கா? பழையதா, புதியதா? வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்ட பிறகுதான் எடை போடுகிறோம். ஆனால் நம்மில் பலர் பயண ஏஜெண்டிடம் போய், "எந்தக் கப்பல் நல்ல கப்பல்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அரிசிக்குக் கேட்கும் கேள்விகளைக் கப்பலுக்கும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரங்களில் வியாபாரம் செய்யும் நமக்கு ஆண்டில் ஒரு வாரம் கடையை விட்டு நகர்வதே பெரிய காரியம். சித்திரை, வைகாசியில் கல்யாணச் சரக்கு, ஐப்பசியில் தீபாவளி, மார்கழி பிறந்தால் பொங்கல் சரக்கு. இடையில் கிடைக்கும் சில நாட்களைத் தவறான கப்பலில் கழித்தால் பணம் போவது ஒருபுறம். அந்த நாட்கள் மறுபடி வருவதில்லை.

கப்பல் நமக்குப் புதிதல்ல

கடல் கடந்து போவது தமிழ் வணிகருக்குப் பழகிய விஷயம். 1926இல் கட்டப்பட்ட "ராஜுலா" கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்றது. அதன் பின் ஷிப்பிங் கார்ப்பரேஷனின் "சிதம்பரம்" அந்த வழியில் ஓடியது. 1985இல் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் போக்குவரத்து முடிவுக்கு வந்தது. அன்று பிழைப்புக்காகக் கப்பல் ஏறினார்கள். இன்று ஓய்வுக்காக ஏறுகிறோம். பினாங்கும் சிங்கப்பூரும் மாறவில்லை; பயணத்தின் நோக்கம்தான் மாறியிருக்கிறது.

இரண்டு நிறுவனங்கள்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் விசாரிப்பவை இரண்டு நிறுவனங்களுடையவை. ஒன்று ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ், மற்றொன்று ராயல் கரீபியன். மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம். தாம்பரத்திலிருந்து விமான நிலையம் மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தமான திரிசூலத்திலேயே இருப்பதால் நமக்கு இந்த வழி வசதியானது.

ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் "ஜெண்டிங் டிரீம்" 2016இல் ஜெர்மனியில் கட்டப்பட்டது. 335 மீட்டர் நீளம், அறைக்கு இருவர் என்ற கணக்கில் சுமார் 3,300 பேர் தங்கலாம். ஆசியப் பயணிகளை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்ட கப்பல் இது. இந்தியச் சைவ உணவும், வெங்காயம் பூண்டு சேர்க்காத ஜைன உணவும் இதில் கிடைக்கும். 2023இல் ஹலால் சான்றும் பெற்றது. பெரும்பாலும் 2, 3 இரவுப் பயணங்கள். பினாங்கு, கிள்ளான் துறைமுகம், மலாக்கா, புக்கெட் போன்ற ஊர்களைத் தொட்டுத் திரும்பும்.

ராயல் கரீபியன் அமெரிக்க நிறுவனம். சிங்கப்பூருக்கு அது கொண்டுவரும் குவாண்டம் வகைக் கப்பல்கள் இன்னும் பெரியவை. "ஸ்பெக்ட்ரம்" 2019இலும் "ஆன்தம்" 2015இலும் கட்டப்பட்டவை. அறைக்கு இருவர் கணக்கிலேயே 4,000 பேருக்கு மேல் ஏறுவார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 அடி உயரத்துக்குத் தூக்கிச் செல்லும் கண்ணாடிக் கூண்டு, காற்றில் மிதக்கும் கூடம், செயற்கை அலையில் சறுக்கும் இடம், மோதி விளையாடும் கார்கள், பெரிய மேடை நிகழ்ச்சிகள் எல்லாம் உண்டு. 3 முதல் 5 இரவு வரை செல்லும் பயணங்கள் இதில் அதிகம். இந்திய உணவு இங்கும் உண்டு. ஆனால் கண்டிப்பான சைவமோ ஜைன உணவோ வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

யாருக்கு எது?

பெற்றோருடன் செல்பவர்கள்: வயதானவர்களுக்கு முதலில் வேண்டியது வாய்க்குப் பிடித்த சாப்பாடு, அடுத்தது அதிக நடை இல்லாமை. சாப்பாட்டுக்கும் குறைந்த நாட்களுக்கும் ஜெண்டிங் டிரீம் பொருந்தும். இரண்டுமே ராட்சதக் கப்பல்கள் என்பதால் நடை தவிர்க்க முடியாதது. லிஃப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டமும் குறைவு.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் உள்ளவர்கள்: ஜெண்டிங் டிரீமில் நீர்ச்சறுக்குகளும் கயிற்று விளையாட்டும் உண்டு, சிறுவர்களுக்கு அதுவே போதும். பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ராயல் கரீபியனே ஏற்றது. அவர்களுக்குப் பகல் முழுவதும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

கணவன் மனைவி இருவர் மட்டும்: இருபது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கும், வீட்டையும் கடையையும் சேர்த்துப் பார்த்த அவர் மனைவிக்கும் வேண்டியது ஓய்வு. இவர்களுக்கு 4, 5 இரவுப் பயணமும் பால்கனி அறையும் சரி. கப்பல் எதுவானாலும் பள்ளி விடுமுறையைத் தவிர்த்தால் கூட்டமும் குறையும், கட்டணமும் குறையும்.

வியாபார நண்பர்கள் குழுவாகச் செல்வது: குழுவில் சைவம், அசைவம், ஜைனம், ஹலால் என்று நால்வகையினரும் இருப்பார்கள். எல்லோரும் ஒரே மேசையில் மனக்குறையின்றிச் சாப்பிட வேண்டுமானால் ஜெண்டிங் டிரீம் பக்கமே தராசு சாயும்.

கடையை மூன்று நாளுக்கு மேல் விட முடியாதவர்கள்: இவர்கள் சிங்கப்பூரை இப்போதைக்கு மறந்துவிடலாம். 2022 ஜூனில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டெலியா நிறுவனத்தின் "எம்பிரஸ்" கப்பல் பயணத்தைத் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைக்கும் சென்றது. மேற்குக் கரையில் மழை பெய்யும் மாதங்களில்தான் அது சென்னைப் பக்கம் வருவது வழக்கம். ஆடியில் கல்யாணச் சரக்கு ஓடாத நமக்கு அது தோதான காலம். 1990இல் கட்டப்பட்ட, மேற்சொன்னவற்றில் மூன்றில் ஒரு பங்கு பருமனுள்ள கப்பல் அது. அந்த அளவுக்கே எதிர்பார்க்க வேண்டும். இலங்கை செல்லாத உள்நாட்டுப் பயணத்துக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. கடல் நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க இது நல்ல சாம்பிள். இந்த ஆண்டுத் தேதிகளைக் கேட்டு அறிந்த பிறகே திட்டமிடுங்கள்.

விளம்பர விலையும் அடக்க விலையும்

மண்டியில் சொல்லும் விலையோடு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை, சேதாரம் எல்லாம் சேர்த்தால்தான் அடக்க விலை தெரியும். கப்பலிலும் அதே கணக்குத்தான்.

விளம்பரத்தில் வரும் கட்டணம் பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகச் செல்பவர் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தையே கொடுக்க நேரிடும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகத் தங்குபவருக்குச் சலுகை உண்டு. அதன் மேல் துறைமுகக் கட்டணம், நாள் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்க்கப்படும் டிப்ஸ், விமானக் கட்டணம், சிங்கப்பூரில் ஓரிரவுத் தங்கல், விசா, காப்பீடு, இன்டர்நெட், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு. பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு கட்டணத்திலேயே அடங்கும். தனி உணவகங்களுக்குத் தனிப் பணம். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி ஏஜெண்டிடம் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது சில சமயம் மலிவாக இருக்காது.

நாட்களுக்கும் அடக்க விலை உண்டு. 3 இரவுக் கப்பலுக்கு முதல் நாளே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஆகக் கடைக்கு 5 நாள் விடுப்பு. 5 இரவுக் கப்பலுக்கு 7 நாள்.

முன்பணம் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஜெண்டிங் டிரீம் கப்பலை முதலில் நடத்திய டிரீம் குரூசஸின் தாய் நிறுவனமான ஜெண்டிங் ஹாங்காங், 2022 ஜனவரியில் கடன் சுமையால் கலைப்புக்கு மனுச் செய்தது. அதே ஆண்டு ஜூனில் புதிய நிறுவனத்தின் பெயரில் அதே கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. பெரிய பெயர் என்பதற்காக ஒரு வருடம் முன்னதாக முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டாம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கம்பெனி தரும் "இலவச"ப் பயணம்

இப்போதெல்லாம் நம்மவர்கள் பலர் கப்பல் ஏறுவது கம்பெனிகளின் டார்கெட் திட்டத்தில்தான். இதில் கவனிக்க வேண்டியது வரி. 2022 ஜூலை 1 முதல் 194-ஆர் பிரிவாக நடைமுறைக்கு வந்த விதிப்படி, தொழில் தொடர்பாக ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சலுகையை ஒருவருக்குக் கொடுத்தால் அதன் மேல் 10 சதவீத வரி பிடிக்க வேண்டும். பயணமும் அதில் அடங்கும். அந்த மதிப்பு நம் வருமானத்தில் சேரும்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். தம்பதிக்கான பயணத்தின் மதிப்பு 1,50,000 ரூபாய். அதற்குப் பிடித்தம் 15,000. முப்பது சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு மொத்த வரி 45,000. டார்கெட்டை எட்டுவதற்காக மார்ச் கடைசியில் 4 லட்சம் ரூபாய்க்குக் கூடுதல் சரக்கு எடுத்து, அது மூன்று மாதம் குடோனில் கிடந்தால், மாதம் 2 சதவீத வட்டியில் 24,000. ஆக "இலவச"த்துக்கு நம் கைப்பணம் 69,000. சரக்கு காலாவதியானால் அது தனி நஷ்டம்.

அந்தத் தொகைக்கு அந்தப் பயணம் தகுமா என்பது, கம்பெனி தேர்ந்தெடுத்த கப்பலும் தேதியும் நம் குடும்பத்துக்குப் பொருந்துமா என்பதைப் பொறுத்தது. பொருந்தினால் தாராளமாகப் போய் வாருங்கள். பொருந்தாவிட்டால் பயணத்துக்குப் பதில் கிரெடிட் நோட் கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மிச்சமாகும் பணத்தில் நமக்கு ஏற்ற கப்பலை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

புறப்படும் முன்

பாஸ்போர்ட் பயணத் தேதியிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. புறப்படும் முன் மறுபடி சரிபாருங்கள்.

சூயிங்கம், மெல்லும் புகையிலை இரண்டும் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டவை. கடைப் பழக்கத்தில் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் தங்கியிருந்தாலும் சிக்கல்தான். வீட்டில் சமைத்த உணவையும் மின்சார அடுப்பையும் கப்பலில் ஏற்றவிட மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் வெளிநாட்டுப் பணத்தில். காப்பீடு இல்லாமல் ஏற வேண்டாம்.

நடுக்கடலில் செல்போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் இணைப்பில் சேர்ந்தால் பில் திடுக்கிட வைக்கும். ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். கடைக் கணக்கைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் கப்பலின் இன்டர்நெட் பேக்கேஜை ஒரே ஒரு போனுக்கு வாங்கி, நாளுக்கு ஒரு முறை பாருங்கள். கப்பலில் சூதாட்டக் கூடமும் உண்டு. கல்லாப் பெட்டியின் அருமை தெரிந்தவர்களுக்கு அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வணிகப் பெருமக்கள் ஏஜெண்டிடம் போகும் முன் ஒரு தாளில் நான்கு விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: யார் யார் வருகிறார்கள், அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், கடையை எத்தனை நாள் விட முடியும், அடக்க விலை எவ்வளவு வரை தாங்கும். இந்த நான்கும் தெளிவானால் கப்பலின் பெயர் தானாகவே வந்து நிற்கும். குடும்பத்தோடு போய் வாருங்கள். வந்த பிறகு உங்கள் அனுபவத்தைப் பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள்.