கண்குழியில் இரத்தம் உறைதல்

நமது சங்கரன்கோவில் வட்டாரத்தில் கண் நோய் என்றவுடன் மக்கள் நினைப்பது கண்புரையை, அடுத்தபடியாகக் கண்வலியை. இவ்விரண்டும் அல்லாத, அரிதாயினும் கொடிய நோய் ஒன்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

விழி அமைந்துள்ள எலும்புக் குழியிலிருந்து இரத்தத்தை மூளையின் அடிப்புறம் நோக்கி வடிப்பவை சிரைகள். வடிகால் அடைபட்டால் வயலில் நீர் தேங்குமன்றோ? அவ்வாறே சிரையில் இரத்தம் உறைந்தால் கண்குழி வீங்குகிறது. விழி முன்னே பிதுங்கும், இமை தடிக்கும், பொருள்கள் இரண்டாகத் தோன்றும். பார்வையே போய்விடவும் கூடும்.

முகக்கட்டியும், மூக்கையடுத்த எலும்பறைகளில் தங்கும் சீழும் இதற்கு வழக்கமான காரணங்கள். ஆனால் கிருமி ஏதுமின்றியும் இது வருவதுண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்சக்தி, சிலரிடம் தன் உடலையே பகையாகக் கருதித் தாக்குகிறது. லூபஸ் என்னும் நோய் அவ்வகையது. இன்னும் சிலருக்கு, இரத்தத்தை எளிதில் உறையவைக்கும் எதிர்ப்பொருள்கள் உடலிலேயே உண்டாகின்றன. இதனை 1983-இல் லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் விளக்கினார். அடுத்தடுத்துக் கருச்சிதைவுற்ற பெண்களிடம் இக்குறை இருக்கக்கூடும். வீட்டார் அதைக் கண்ணோடு தொடர்புபடுத்திச் சொல்வதில்லை. மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

முடக்குவாதமும் இவ்வினத்து நோயே. எட்டயபுரத்தையடுத்த வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் விரல்களை அது கோணச் செய்தது. அவ்விரல்களாலேயே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கண் சிகிச்சைகள் செய்து, 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையையும் நிறுவினார்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. கிருமியால் வந்ததாயின் அதனை அழிக்கும் மருந்து. காவற்சக்தியின் கோளாறாயின் ஸ்டீராய்டும், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்பரின் முதலியனவும் தருவர். கிருமி இருக்கையில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் முற்றும். எனவே ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் கடையில் சொட்டு மருந்து வாங்கி இடுதல் தகாது. தாய்ப்பால், பச்சிலைச் சாறு ஆகியவற்றையும் விடக்கூடாது. நமது கோயிற் புற்றுமண்ணில் மக்கள் வைத்துள்ள பக்தியை நாம் குறை கூறவில்லை. கண்ணில் மட்டும் அதனை இட வேண்டா.

விழி திடீரெனப் பிதுங்கினால், அன்றே 108 வண்டியை அழைத்து, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதில் உறுப்பினர்கள் உதவலாம். குணமடைந்து வார்பரின் உண்போர் குறித்த நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல் பிடுங்கச் சென்றால் அம்மருந்து உண்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.