1,000 ரூபாய், ரெண்டு பேர், ஒரு பை நிறைய புத்தகம்... திருவல்லிக்கேணியில் ஒரு சண்டே ப்ளான்!

மால்ல ஒரு படம், ரெண்டு பாப்கார்ன், ஃபுட் கோர்ட்ல டின்னர், போக வர கேப்... மாசக் கடைசியில சேர்ந்து வெளியே போகலாம்னு பேச்செடுத்தாலே பல ஜோடிகளுக்குள்ள ஒரு மௌனம் வந்துடும். போன தடவை யார் செலவு பண்ணினாங்க, இந்தத் தடவை யார் பண்ணணும்னு வாய்விட்டுக் கேட்காத கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். "டயர்டா இருக்கு, இன்னொரு நாள் போலாம்" என்று தள்ளிப்போடும் பல அவுட்டிங்குகளுக்கு உண்மையான காரணம், பர்ஸ்தான்.

சென்னையில் இருக்கும் ஜோடிகளுக்கு இதோ ஒரு ப்ளான். மொத்த பட்ஜெட் 1,000 ரூபாய். ஆளுக்கு 500 போட்டுடுங்க, கணக்குப் பஞ்சாயத்தே வராது. புத்தகத்துக்கு 600, டிபன் காபிக்கு 250, பீச் சுண்டலுக்கு 60, போக வர 90.

எங்கே போகணும்?

திருவல்லிக்கேணி பாரதி சாலை. பழைய பெயர் பைகிராஃப்ட்ஸ் ரோடு. பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் இறங்கி நடந்துடலாம். நடைபாதையிலும் சின்னச் சின்னக் கடைகளிலும் பழைய புத்தகங்கள் அடுக்கியிருக்கும். வேலைக்கும் போட்டித் தேர்வுக்கும் ஊரிலிருந்து வந்த இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த ஏரியா இது. அதனால டி.என்.பி.எஸ்.சி கைடு பக்கத்திலேயே நாவல், அதுக்கடியில் இன்ஜினீயரிங் புக் என்று எல்லாம் கலந்து கிடக்கும். தோண்டி எடுக்கிறதுதான் சுகமே.

ஒரு காலத்தில் பழைய புத்தகம் என்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்தான். 1985-ல் அது தீயில் அழிந்தபின், வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பாடப்புத்தகம் தேடுபவர்கள் அங்கேயும் ஒரு நடை போகலாம்.

யார் பாக்கெட்டிலிருந்து வருது இந்தத் தள்ளுபடி?

பாதி விலைன்னதும் பாய்ந்து வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க. எல்லாத் தள்ளுபடியும் ஒண்ணு கிடையாது.

புத்தகக் காட்சியில் கொடுக்கும் 10 சதவிகிதக் கழிவு, கடைக்காரருக்குப் பதிப்பாளர் வழக்கமாக விட்டுக்கொடுக்கும் கமிஷனிலிருந்து வருது. பதிப்பாளரே நேரடியா விற்பதால் அதில் ஒரு பங்கு உங்களுக்கு வருது, அவ்வளவுதான்.

பழைய புத்தகம் ஏற்கெனவே ஒருமுறை முழு விலைக்கு விற்றது. எழுத்தாளருக்குச் சேர வேண்டியது அப்பவே கணக்குல ஏறியாச்சு. இப்ப நீங்க கொடுக்கிற காசு, அதை எடைக்குப் போகாமல் காப்பாற்றி வைத்த கடைக்காரருக்கு.

பாரதியார், கல்கி போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் 'பொன்னியின் செல்வன்' ஒரே கதையாக இருந்தாலும் பதிப்பகத்துக்கு ஒரு விலையில் கிடைக்குது. தாள், எழுத்து அளவு, பைண்டிங் மூணையும் ஒப்பிட்டுட்டு வாங்குங்க. நாட்டுடைமை நூல்கள் பலவற்றை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் போன்லயே இலவசமா படிக்கலாம்.

நாலாவது வகைதான் சிக்கல். நேற்று வந்த பெஸ்ட்செல்லர் பளபளன்னு பிளாஸ்டிக் உறையில், எதை எடுத்தாலும் ஒரே விலைன்னு இருந்தா உஷார். மங்கலான எழுத்து, சாய்ந்து விழுந்த அச்சு, மெல்லிசான தாள், விரித்தாலே பிரியும் முதுகு இதெல்லாம் திருட்டுப் பதிப்பின் அடையாளம். இதில் எழுதினவருக்கு ஒரு பைசாகூடப் போகாது. இந்தத் தள்ளுபடி முழுக்க அவர் பாக்கெட்டிலிருந்து எடுத்தது. அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல பழைய புத்தகம் வாங்கிடலாம்.

காசு கொடுக்கும் முன்...

* முதல் பக்கம், கடைசிப் பக்கம் ரெண்டும் இருக்கான்னு பாருங்க. நடுவில் பக்க எண்கள் தாவுதான்னும் புரட்டிடுங்க.

* பூஞ்சை வாடை அடிச்சா வேண்டாம். வீட்டு அலமாரியில் மத்த புத்தகத்துக்கும் பரவும்.

* தேர்வு கைடு என்றால் பதிப்பு ஆண்டு முக்கியம். பாடத்திட்டம் மாறியிருந்தா அது வெறும் பேப்பர்.

* புதுசு என்ன விலைன்னு போன்ல பார்த்துட்டுப் பேரம் பேசுங்க. ரெண்டு மூணு புத்தகமா சேர்த்துக் கேட்டா குறைப்பாங்க. ஆனா வெயிலில் நிற்பவரிடம் கடைசிப் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீங்க. அடுத்த தடவை நீங்க தேடுற புத்தகத்தை எடுத்து வைக்கப்போவது அவர்தான்.

ஆளுக்கு மூணு, ஒரு கண்டிஷன்!

ஒவ்வொருத்தருக்கும் 300 ரூபாய், மூணு புத்தகம். ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு, இதுவரை பேரே கேள்விப்படாத எழுத்தாளருடையது. மூணாவது உங்க ஜோடிக்கு, கேட்காமல் வாங்கணும். அரை மணி நேரம் தனித்தனியா தேடுங்க, போட்டோ அனுப்பி ஓகே கேட்கக் கூடாது.

கேட்க ஈஸியா இருக்கும். கடை முன்னால நிற்கும்போதுதான் தெரியும், 'இவளுக்கு என்ன பிடிக்கும்' 'இவன் கடைசியா எதை ரசிச்சுப் பேசினான்' என்பதை நாம எவ்வளவு கவனிச்சிருக்கோம்னு. தப்பான புத்தகம் வந்தாலும் நஷ்டம் நூறு ரூபாய்தான். பதிலுக்கு, ரொம்ப நாளா பேசாத ஒரு விஷயத்தைப் பேச ஒரு சாக்கு கிடைக்கும்.

தேடி முடிச்சதும் ரத்னா கஃபேயில் இட்லி. கிண்ணத்துல தொட்டுக்கிற சாம்பார் கிடையாது, இட்லி மூழ்கும் அளவுக்கு ஊத்துவாங்க. பிறகு பாரதி சாலையிலேயே கிழக்கே நடந்தால் நேரா மெரினா. மூணாவது புத்தகத்தை மணல்ல உட்கார்ந்து மாத்திக்கோங்க. முதல் பக்கத்தில் தேதியும் பேரும் எழுத ஒரு பேனா மறக்காம எடுத்துட்டுப் போங்க. பழைய புத்தகங்களில் யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த ரெண்டு வரி கண்ணில் படும், கவனிச்சிருப்பீங்க. உங்க ரெண்டு வரியும் ஒரு நாள் யார் கையிலோ கிடைக்கட்டுமே!