கருவியும் ஆசிரியரும்
ஓர் ஆசிரியர் சங்கத்தின் வரலாறு உணர்த்தும் நெறி

பள்ளிக்குள் புதியதொரு கருவி நுழையும் போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவது வழக்கம். “இனி ஆசிரியர்க்கு வேலை இல்லை” என்பது ஒரு குரல். “இஃது இரண்டு நாள் ஆரவாரம், கரும்பலகையே போதும்” என்பது மற்றொரு குரல். திரைப்படம் வந்தபோது எழுந்த இவ்விரு குரல்களே வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் எழுந்தன. வினா விடுத்த நொடியில் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக்கும் இன்று எழுகின்றன. ஆழ்ந்து நோக்கின், இரண்டும் ஆசிரியரை வாளாவிருக்கச் சொல்லும் குரல்களே என்பது புலனாகும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எந்தக் கருவியை, எப்பாடத்திற்கு, எவ்வளவில் கையாள்வது என்பதை ஆசிரியர்களும் ஆசிரியரைப் பயிற்றுவோரும் கூடி ஆராய்ந்து வரையறுப்பதே அவ்வழி. அமெரிக்க நாட்டில் அதற்கென 1923ஆம் ஆண்டில் தோன்றிய சங்கமொன்று, பெயர் மாறியும் உருப்பெருகியும், நூறாண்டைக் கடந்து இன்றும் இயங்கி வருகின்றது. அதன் வெற்றியிலும் தளர்ச்சியிலும் நம் ஆசிரியர்கள் அறியத்தக்க செய்திகள் பல உள.

வண்டியில் வந்த பொருட்காட்சி

1904ஆம் ஆண்டில் செயிண்ட் லூயிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் வைக்கப்பட்டிருந்த பொருள்களுள் பலவற்றைத் திரட்டி, அந்நகரப் பள்ளி நிருவாகம் 1905இல் கல்விக் காட்சியகம் ஒன்றைத் திறந்தது. மாணவரைக் காட்சியகத்திற்கு அழைப்பதினும், காட்சியகத்தைப் பள்ளிக்கு அனுப்புவதே அதன் சிறப்பு. ஆசிரியர் தம் பாடத்திற்கு வேண்டியவற்றைக் கேட்பார். படங்களும் மாதிரிகளும் குதிரை வண்டியில் ஏறிப் பள்ளி வாயிலுக்கு வந்து சேரும். வேண்டியதைத் தேர்ந்தவர் ஆசிரியர். கொண்டு வந்து சேர்த்தது வண்டி. இம்முறைமையை மனத்தில் இருத்திக் கொள்வோமாக.

திரைப்படம் பரவியபின் இம்முறைமை தலைகீழாகும் போல் தோன்றிற்று. பள்ளிகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்றும், பத்தாண்டுக்குள் கல்விமுறை முற்றும் மாறிவிடும் என்றும் 1913இல் தாமஸ் ஆல்வா எடிசன் கூறினார். அவர் பேரறிஞர், எனினும் திரைப்படக் கருவிகளைச் செய்து விற்றவரும் அவரே. பத்தாண்டு கழிந்தது. நூல்கள் அழியவில்லை. ஆனால் எப்படம் நல்லது, எது வெறும் விளம்பரம், எதை எவ்வகுப்பிற்குக் காட்டலாம் என்று அறியாது ஆசிரியர்கள் இடர்ப்பட்டனர்.

அந்நிலையில்தான், தேசியக் கல்விச் சங்கம் என்னும் அமெரிக்க ஆசிரியர் பேரமைப்பினுள் ‘காட்சிவழிப் போதனைப் பிரிவு’ 1923இல் அமைக்கப்பட்டது. அதே நோக்குடைய வேறிரண்டு அமைப்புகளும் அக்காலத்தில் இருந்தன. மூன்றும் தனித்தனியே நின்று வலுவிழப்பதைக் கண்டு, 1932இல் ஒன்றாக இணைந்தன. வானொலியும் ஒலிப்பதிவும் வகுப்பறைக்குள் வந்தபின், 1947இல் அப்பிரிவு ‘கட்புல செவிப்புலப் போதனைப் பிரிவு’ என்னும் பெயர் பெற்றது.

டேலின் கூம்பு

அப்பிரிவின் தலைமைப் பொறுப்பை 1930களின் பிற்பகுதியில் ஏற்றவர் எட்கார் டேல். ஒகாயோ அரசுப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1970 வரை ஆசிரியர்களைப் பயிற்றுவித்த பேராசிரியர் அவர். படங்களைப் புகழ்வதோடு அவர் நின்றாரல்லர். 1920, 1925, 1930 ஆகிய ஆண்டுகளில் வெளியான 1,500 திரைப்படங்களின் பொருளை வகைப்படுத்தி ஆராய்ந்தார்; இளைஞர் தம் அறிவு கொண்டு திரைப்படத்தை எடை போடுவதற்கென 1933இல் ஒரு நூலும் எழுதினார். 1948இல் ஜீன் சால் அம்மையாரோடு சேர்ந்து, ஒரு பனுவல் படிப்பதற்கு எளியதா அரியதா என்று அளக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அச்செழுத்தைச் சிறிதும் தாழ்வாக எண்ணாதவர் என்பது இதனால் தெளிவாகும்.

1946இல் வெளியிட்ட கட்புல செவிப்புல முறைகள் பற்றிய நூலில் அவர் வரைந்த ‘அனுபவக் கூம்பு’ ஆசிரியர் பயிற்சி பெற்றோர் யாவரும் அறிந்ததே. நேரடி அனுபவம் அடியில் இருக்கும். அதன்மேல் மாதிரிகள், நடிப்பு, செய்துகாட்டல், களப்பயணம், கண்காட்சி, திரைப்படம், வானொலியும் நிலைப்படமும், வரைகுறிகள் என வரிசையாக ஏறி, உச்சியில் சொற்குறிகள் நிற்கும். அடி பருப்பொருள், முடி நுண்பொருள். கீழ்ப்படி உயர்ந்தது, மேற்படி தாழ்ந்தது என்பது அதன் கருத்தன்று. கற்பவன் இரண்டிற்கும் இடையே ஏறியும் இறங்கியும் பழக வேண்டும் என்பதே கருத்து.

இதனை நம் வகுப்பறையில் வைத்துக் காண்போம். செம்பனைத் தோட்டத்தில் வளரும் சிறுவனுக்கு ‘வரப்பு’, ‘நாற்று’, ‘போரடித்தல்’ ஆகிய சொற்கள் வெற்றொலிகள். வயலின் படத்தைக் காட்டினால் நிறமும் வடிவும் அறிவான். மண்ணைக் குழைத்து வரப்புக் கட்டி நீர் ஊற்றினால், வரப்பு எதற்கு என்பதை அறிவான். வைக்கோலைப் பரப்பிப் போரடிப்பதை நடித்தால், அச்சொல்லின் உழைப்பை அறிவான். ஆயினும் இவையெல்லாம் எதற்கு? நாளை ஒரு செய்யுளில் வரப்பைக் காணும்போது, படமும் மண்ணும் இன்றியே அவன் பொருள் உணர்தற்கு. உச்சிக்கு ஏற்றிவிடாத படம் பாதிவழியில் நின்ற படமே.

இக்கூம்பிற்கு நேர்ந்த கேடு ஒன்றையும் கூறியாக வேண்டும். படிப்பதில் பத்து விழுக்காடு, கேட்பதில் இருபது, காண்பதில் முப்பது, செய்வதில் தொண்ணூறு மனத்தில் நிற்கும் என்று எண்களை இட்டு, டேலின் பெயரால் இக்கூம்பைப் பயிலரங்குகளில் இன்றும் காட்டுகின்றனர். டேல் வரைந்த கூம்பில் ஓர் எண்ணும் இல்லை. அவ்விழுக்காடுகள் 1967இல் ஒரு திரைப்படத் தொழில் இதழில், ஆய்வுச் சான்று ஏதுமின்றி வெளிவந்தவை. பின்னர் யாரோ அவற்றைக் கூம்பின்மேல் ஒட்டினர். எதைப் படித்தவர், எவ்வயதினர், எத்தனை நாள் கழித்துச் சோதிக்கப்பட்டனர் என்று ஒரு வினா எழுப்பியிருந்தாலே அவ்வெண்கள் உதிர்ந்திருக்கும். டேல் தாமே 1969ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் கூம்பைப் பிறழ உணர்தலாகாது என எச்சரித்தார். எச்சரிக்கை மறைந்தது, எண்கள் நிலைத்தன.

ஃபின் விடுத்த வினா

இத்தகைய பிழைகள் ஏன் பரவுகின்றன? இவ்வினாவிற்கு விடை காண டேலின் மாணாக்கர் ஜேம்ஸ் ஃபின் எழுதிய கட்டுரை உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசும் படைகளும் நூற்றுக்கணக்கான பயிற்சிப் படங்களை எடுத்து வீரர்களைப் பயிற்றுவித்தன. போர் முடிந்ததும் அவ்வெற்றியின் ஒளி பள்ளிகள் மீதும் வீசிற்று. கருவிகள் குவிந்தன, அவற்றைக் கையாள்வோர் தம்மைப் புதியதோர் உயர்தொழிலினர் எனக் கருதத் தலைப்பட்டனர். அவ்வேளையில், 1953இல் சங்கத்தின் புதிய ஆய்விதழினுடைய முதல் இதழிலேயே, “நாம் உண்மையில் உயர்தொழிலினரா?” என்னும் பொருள்பட ஃபின் எழுதினார்.

மருத்துவம் போன்ற உயர்தொழிலுக்கு ஆறு இலக்கணங்கள் வேண்டும் என்றார் அவர். அறிவுசார்ந்த செயல்முறை ஒன்று உண்டாதல், அது மக்கள் தேவைக்குப் பயன்படுதல், நெடுங்காலப் பயிற்சி, தம்முள் கருத்துப் பரிமாறும் நெருங்கிய சங்கம், கடைப்பிடித்தே ஆகவேண்டிய தரமும் அறநெறியும், ஆராய்ச்சியால் ஓயாது வளரும் கோட்பாடு. இவற்றுள் முதலிரண்டே நிறைவாக உள, ஏனையவை குறைவுடையன, எல்லாவற்றிலும் பெருங்குறை கோட்பாடு இன்மையே என்பது அவர் தீர்ப்பு. கோட்பாடு இல்லாதவன் கருவியின் விசைகளை முறுக்கும் கைவினைஞனாகவே நின்றுவிடுவான். அவனுக்கு மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் அளவுகோல் இராது. டேலின் கூம்பில் பொய்யெண்கள் ஏறியதற்கும் அவை இறங்காதிருப்பதற்கும் காரணம் இதுவே.

தம் சங்கத்தை நோக்கி இவ்வாறு கூறியவரையே அச்சங்கத்தார் 1960இல் தலைவராக்கினர். சோவியத் நாட்டின் ‘ஸ்புட்னிக்’ 1957 அக்டோபரில் விண்ணில் ஏறியதும், அமெரிக்க அரசு 1958இல் சட்டமொன்று இயற்றி, பள்ளிக் கருவிகளுக்கும் அவை பற்றிய ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கியிருந்த காலம் அது. பணம் மிக்க காலத்தில் தன்னைக் கடிந்து பேசியவரைத் தலைமையில் அமர்த்தியது அச்சங்கத்தின் பெருமை எனலாம்.

சமோவா தந்த படிப்பினை

ஆசிரியர் சொல் கேளாதவிடத்து நிகழ்வது யாது? பசிபிக் பெருங்கடலில் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட சமோவாத் தீவுகள் இதற்குச் சான்று. 1961இல் அங்கு ஆளுநராக வந்த ரெக்ஸ் லீ, பள்ளிகளின் தாழ்ந்த நிலை கண்டு வருந்தினார். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் பள்ளிக் கல்வி முழுவதையும் தொலைக்காட்சியின்மேல் நிறுத்துவது என்னும் முடிவு மேலிருந்து பிறந்தது; திட்டத்தை ஆராய்ந்து வகுத்தவர்கள் கல்வி ஒலிபரப்பாளர்கள். 1964இல் ஒளிபரப்புத் தொடங்கிற்று. நிலையத்தில் அமெரிக்க ஆசிரியர் பாடம் நடத்துவார். வகுப்பறையில் நின்ற சமோவா ஆசிரியர்க்கு அதனைத் தொடர்ந்து பயிற்சி தருவதே பணியாயிற்று.

தொடக்கத்தில் பயன் இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, சிறப்பாக மேல்வகுப்புகளில், ஆசிரியரும் மாணவரும் சலிப்புற்றனர். திரை தன் வேகத்தில் ஓடும்; புரியாத மாணவன் கையுயர்த்தினாலும் அது நில்லாது. அவன் முகத்தைக் கண்ட ஆசிரியர்க்கோ பாடத்தை நிறுத்தும் உரிமை இல்லை. 1970களில் அவ்வுரிமை ஆசிரியர் கைக்குத் திரும்பிற்று. திரும்பியதும் தொலைக்காட்சி முதன்மை இழந்து துணைக்கருவியாயிற்று. செயிண்ட் லூயிஸில் தேர்ந்தவர் ஆசிரியர். சமோவாவில் தேர்ந்தது வண்டி. வேறுபாடு இவ்வளவே.

இத்தகைய அனுபவங்களால் சங்கத்தின் எண்ணமும் முதிர்ந்தது. 1970இல் அது ‘கல்வித் தொடர்பியல், தொழில்நுட்பச் சங்கம்’ எனப் பெயர் பூண்டது. 1971இல் தாய்ச் சங்கத்தினின்று பிரிந்து தனித்தியங்கத் தொடங்கிற்று. தன் துறை யாது என்பதனை 1963, 1972, 1977, 1994, 2008 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் மீண்டும் வரையறுத்தது. 2008ஆம் ஆண்டு வரையறையில் கருவி முன்னிற்கவில்லை. கற்றலுக்குத் துணைபுரிதலே முன்னிற்கின்றது. அன்றியும், அப்பணி அறநெறி சார்ந்தது என்னும் சொல்லும் அவ்வரையறையில் இடம்பெற்றது. 1953இல் ஃபின் சுட்டிய குறைகளுள் அறமும் ஒன்று என்பதை நினைவு கூர்க.

நாம் கொள்ளத்தக்கவை

தமிழாசிரியர் சங்கங்களும் பாடக் குழுக்களும் இதனின்று கொள்ளத்தக்கவை யாவை? புதிய கருவியை விளக்கும் பயிலரங்குகள் நம்மிடையே குறைவில்லை. எந்த விசையை அழுத்துவது என்று அங்குக் கற்கின்றோம். எதற்காக அழுத்துவது என்னும் ஆராய்ச்சி நம் கூட்டங்களில் நிகழ வேண்டும். ஒரு கருவி முன்வைக்கப்படும்போது நான்கு வினாக்களைக் கேட்போமாக. இதனால் மாணவன் எந்தச் சொல்லை, எந்தக் கருத்தைத் தானே ஆளக் கற்பான்? இது பயன் தரும் என்பதற்கு விற்பவர் சொல்லன்றி வேறு சான்று உண்டா? வேண்டாதபோது இதனை நிறுத்தும் உரிமை ஆசிரியர்க்கு உண்டா? மாணவனைப் பற்றி இது திரட்டும் செய்தி யாரிடம் சேர்கின்றது?

தனியாக நின்று இவற்றைக் கேட்கும் ஆசிரியரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவர். சங்கமாக நின்று கேட்டால் விடையளித்தே ஆக வேண்டும். சிறு பள்ளியொன்றில் நால்வர் ஐவராகப் பணிபுரியும் நம்மவர்க்கு இஃது இன்னும் பொருந்தும். ஒரு பாடத்தைக் கருவி கொண்டும் கருவியின்றியும் நடத்திப் பார்த்து, மாணவர் எழுதியதை ஒப்புநோக்கி, கண்டதைக் குறித்து, மாவட்டக் கூட்டத்தில் படித்தால் போதும். அதுவே ஆராய்ச்சியின் தொடக்கம். பயன்படாதவற்றையும் மறையாது கூறவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நன்னூலார் தம் நூலின் பாயிரத்தில் நல்லாசிரியரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டுள்ளார். தட்டில் வைக்கப்படும் பொருள் புதிது என்பதற்காகவோ பழையது என்பதற்காகவோ துலாக்கோல் சாய்வதில்லை. நம் பள்ளிகளுக்கு வரும் கருவிகளை அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் பொறுப்பைப் பிறர் நமக்காக ஏற்கப் போவதில்லை.